கெக்ஸை மறுபடி ஆட: எந்தப் பல்லி, எந்தப் பெட்டி?

லண்டனில் வளர்ந்த என் சித்தி மகனுக்கும் எனக்கும் சில மாதங்களுக்கு முன் போனில் ஒரு தகராறு. சிறு வயதில் வேறு வேறு ஊரில் இருந்துகொண்டு இருவரும் ஆடிய ஒரு பிளேஸ்டேஷன் கேமைப் பற்றி. அதில் வரும் பல்லி எப்படிப் பேசும் என்று அவன் பேசிக் காட்டினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, வயதான ஓர் ஆங்கிலேயக் கனவான் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் வழிவதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், அது அமெரிக்கப் பல்லி. எதைப் பார்த்தாலும் அலட்டிக்கொள்ளாமல் நக்கலடிக்கும்." "இல்லை அண்ணா, நீங்கள் வேறு ஏதோ கேமைச் சொல்கிறீர்கள்." அரை மணி நேரம் இழுத்துவிட்டுத் தேடிப் பார்த்தால், இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒரே கேம், ஒரே பல்லி, நாட்டுக்கு ஒரு குரல்.

அந்தப் பல்லியின் பெயர் கெக்ஸ். கலிபோர்னியாவில் இருந்த கிரிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் 1995இல் 3டிஓ என்ற கன்சோலுக்காக, அதாவது டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டிக்காக, உருவாக்கியது. ஹவாயின் மாவி தீவில் சோபாவில் கிடந்து நாள் முழுக்க டிவி பார்க்கும் சோம்பேறிப் பல்லி. ரெஸ் என்ற வில்லன் அதை டிவிக்குள்ளேயே இழுத்துப் போட்டுவிடுகிறான். அதற்கப்புறம் பேய்ப் படம், கார்ட்டூன், குங்ஃபூ படம் என்று சேனல் சேனலாகக் குதித்து, வாலால் அடித்து, ரிமோட் தேடி வெளியே வர வேண்டும். போகிற வழியெல்லாம் வாய் மூடாது. நம் வீட்டுப் பல்லி ஒரு தடவை 'இச்' என்றாலே பாட்டி பலன் பார்ப்பார். இது நிமிடத்துக்கு நான்கு தடவை சொல்லும், ஒன்றுக்கும் பலன் கிடையாது.

சோனிக் என்ற நீல முள்ளெலியின் கேம் 1991இல் வந்து ஜெயித்ததும் அமெரிக்காவில் ஒவ்வொரு கேம் கம்பெனிக்கும் சொந்தமாக ஒரு திமிர் பிடித்த மிருகம் தேவைப்பட்டது. 1993இல் பப்ஸி என்ற காட்டுப்பூனை வந்தது, இன்னும் பெயர் நினைவில்லாத எத்தனையோ வந்தன. அந்தக் கூட்டத்தில் கெக்ஸ் தனித்து நின்றதற்குக் காரணம் ஒன்றுதான். அதற்குப் பேச ஆள் வைத்தார்கள், அதுவும் தொழில்முறை ஆளை. மேடை நகைச்சுவையாளர் டானா கூல்ட்தான் அந்த அமெரிக்கக் குரல். வசனம் எழுதியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. பிற்பாடு சிம்சன்ஸ் கார்ட்டூன் தொடரில் எழுத்தாளராகவும் இருந்தார்.

1998இல் இரண்டாவது பாகம் 'என்டர் த கெக்கோ', 1999இல் மூன்றாவது 'டீப் கவர் கெக்கோ'. அத்தோடு பல்லி ஓடிப்போனது. கால் நூற்றாண்டு கழித்து, 2025 ஜூனில் லிமிடெட் ரன் கேம்ஸ் நிறுவனம் மூன்றையும் ஒரே தொகுப்பாக இன்றைய கன்சோல்களுக்கும் கணினிக்கும் வெளியிட்டது. எங்கள் தகராறு அதை ஒட்டித்தான் ஆரம்பித்தது. "வாங்கலாமா, இல்லை பரணில் இருக்கும் பழைய பெட்டியையே இறக்கலாமா?" என்று அவன் கேட்டான். நான் சில வாரம் எடுத்துக்கொண்டு முடிந்த வழிகளில் எல்லாம் ஆடிப் பார்த்தேன்.

முதலில் மூன்றில் எது என்று பார்த்துவிடலாம்.

பிளாட்பார்ம் கேமாக, அதாவது குதித்துத் தாவி முன்னேறும் கேமாக மட்டும் பார்த்தால் என் ஓட்டு 1995இன் முதல் பாகத்துக்கு. பக்கவாட்டில் நகரும் இருபரிமாண ஆட்டம். ஆனால் இது பல்லி அல்லவா? சுவரில் ஒட்டும், கூரையில் தலைகீழாகப் போகும். பல இடங்களில் பின்னணிச் சுவரிலேயே ஏறி எல்லாத் திசையிலும் ஊர்ந்து போகலாம். கண்ணில் படும் சுவர் எல்லாம் பாதை என்று ஆனதும் ஒரு சாதாரண லெவல்கூடப் புதிர்போல மாறிவிடுகிறது. நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடித்தால் தீயோ பனியோ உமிழும் சக்தி கிடைக்கும். வாலடியில் ஒரு கனம் இருக்கிறது. முப்பது வருடம் கழித்து ஆடும்போதும் கை சலிக்கவில்லை. குறை என்று பார்த்தால், நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. சில லெவல்கள் தேவைக்கு மேல் நீளம், பாதை தெரியாமல் சுற்ற விடும்.

ஆனால் ஏக்கத்தோடு திரும்பிப் போகிற யாரும் முதல் பாகத்தைத் தேடிப் போவதில்லை என்பதுதான் வேடிக்கை. "கெக்ஸ் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலோருக்கு நினைவு வருவது இரண்டாவது பாகம். நடுவில் ஒரு கூடம், அதில் நிற்கும் டிவிப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உலகம். 1996இல் சூப்பர் மாரியோ 64 போட்டுக் கொடுத்த அச்சு அது. கார்ட்டூன் சேனலுக்குள் போனால் பல்லி முயல் வேஷத்தில் நிற்கும், குங்ஃபூ சேனலில் குங்ஃபூ உடையில். ஒவ்வொரு லெவலிலும் சில சிவப்பு ரிமோட்கள், அதற்கு மேல் ஒளிந்திருக்கும் வெள்ளி ரிமோட். ஒரு சிவப்பு ரிமோட்டை எடுத்ததும் லெவல் முடிந்து கூடத்துக்குத் தள்ளிவிடும். அடுத்ததற்கு அதே லெவலுக்குள் முதலிலிருந்து நுழைய வேண்டும்.

இந்த ஏற்பாட்டில்தான் கேமின் உயிரும் இருக்கிறது, வியாதியும் இருக்கிறது. ஒரு லெவலுக்கு மூன்று தடவை போகிறோம். அதற்குள் கேமராவின், அதாவது திரையில் நமக்குக் காட்டும் கோணத்தின், சதியால் நான்கு தடவை குழியில் விழுகிறோம். ஒவ்வொரு தடவையும் பல்லி பேசுகிறது. வசனம் நிறையத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் அந்தந்த உலகத்துக்கு என்று இருப்பது கொஞ்சம்தான். முதல் தடவை சிரிப்பு. மூன்றாவது தடவை புன்னகை. ஒன்பதாவது தடவை கன்ட்ரோலரைச் சுவரில் அடிக்கத் தோன்றும். பழைய விமர்சனங்களில் இந்தப் பல்லியின் வாயைத் திட்டாதவர் குறைவு. நகைச்சுவை மோசம் என்பதைவிட, கேம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தது என்பதுதான் உண்மையான குற்றம் என்று இப்போது ஆடும்போது தோன்றியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது தேவைப்படும்.

சரி, நகைச்சுவை எப்படி? எல்லாம் எழுபது, எண்பது, தொண்ணூறுகளின் அமெரிக்க டிவியும் சினிமாவும். ஜெர்ரி கார்சியா வீட்டில் குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று பல்லி தனக்குத்தானே குறித்துக்கொள்ளும் வசனம் ஒன்று உண்டு. அதைச் சிறுவனாகக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, யாரோ ஒருவர் வீட்டில் தண்ணீர் சுத்தமில்லை போல என்று விட்டுவிட்டேன். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் கிதார் கலைஞர் அவர், போதைப் பழக்கத்துக்குப் பெயர்போனவர் என்று தெரிந்தபோது எனக்கு முப்பது வயது. வடிவேலு படம் பார்க்காத ஒருவரிடம் வடிவேலு மீமைக் காட்டினால் எப்படி முழிப்பாரோ, அப்படித்தான் நாங்கள் இந்தக் கேமை ஆடினோம். அர்த்தம் தெரியாமலே தொனியை மனப்பாடம் செய்திருந்தோம். மறுபடி ஆடுவதற்கு எனக்கு இருக்கும் பெரிய காரணமே அதுதான். அன்று தொனியாக மட்டும் உள்ளே போனது இன்று பாதியாவது அர்த்தத்தோடு வருகிறது. மீதிப் பாதிக்கு அர்த்தம் தெரிந்த பிறகும் சிரிப்பு வரவில்லை. பெண்களைப் பற்றிய சில வசனங்கள் அன்றைக்கே சுமார், இன்றைக்குக் கூச்சம்.

மூன்றாவது பாகம் தொழில் சுத்தம் அதிகமானது. கேமரா கொஞ்சம் அடங்கியிருக்கிறது, வேஷங்கள் கூடுகின்றன, ரத்தக்காட்டேரி உடையில் மிதந்து பறக்கலாம், பனிச்சறுக்குப் பலகையில் சறுக்கும் லெவல்கூட உண்டு. நடிகை மார்லீஸ் ஆண்ட்ராடாவை வைத்து நிஜப் படப்பிடிப்பாக எடுத்த காட்சிகள் நடுநடுவே வரும். ஆனால் பல்லிக்குச் சொல்ல விஷயம் தீர்ந்துவிட்டது தெரிகிறது. எழுதியவர்களுக்கும் அலுத்திருக்க வேண்டும். இரண்டாவதை முடித்துவிட்டு இன்னும் பசி இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

இன்னொரு விஷயம். இந்தப் பாகங்களில் வேலை பார்த்த இவான் வெல்ஸ் பிறகு நாட்டி டாக் நிறுவனத்துக்கே தலைவர் ஆனார். ப்ரூஸ் ஸ்ட்ரேலி அங்கே போய் 'அன்சார்ட்டட் 2', 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' கேம்கள் இரண்டையும் இணைந்து இயக்கினார். பல்லிக்காகக் கட்டிய முப்பரிமாண எஞ்சினின், அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளின் மேல்தான் கிரிஸ்டல் டைனமிக்ஸ் 1999இல் 'சோல் ரீவர்' என்ற இருண்ட காவிய கேமைக் கட்டியது. இரண்டாவது பாகத்தை ஆடும்போது இது தெரிந்திருந்தால் சில அறைகளின் அமைப்பைப் பார்த்து, "ஓ, இங்கேதான் பழகினார்களா" என்று தோன்றும்.

இனி எதில் ஆடுவது. என் தம்பி முதலில் கேட்டது பழைய பெட்டியைப் பற்றி.

1995 மாதிரியே ஆட வேண்டும் என்றால் 3டிஓ, சேகா சாட்டர்ன், பிளேஸ்டேஷன் மூன்றிலும் முதல் பாகம் உண்டு. 3டிஓ 1993இல் 699 டாலருக்கு விற்கப்பட்ட பெட்டி, அன்றைக்கே வாங்க ஆளில்லை. சேகரிப்பாளர்களிடம் விட்டுவிடலாம். நடைமுறையில் பழைய பெட்டி என்றால் பிளேஸ்டேஷன். என்னுடையது சிப் போட்டது, சென்னையில் ஒரு கடையில் நகல் டிஸ்க் வாங்கி ஆடிய காலத்துப் பெட்டி. பரணிலிருந்து இறக்கியதும் டிஸ்க் சுற்றியது, படம் வரவில்லை. தொடக்க கால மாடல்களில் லேசர் தலை ஓடும் பகுதி தேய்ந்து சாய்ந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடினோம். இப்போதும் கவிழ்த்தேன், ஓடியது! அந்த ஐந்து நிமிடச் சந்தோஷத்துக்கு விலை கிடையாது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்தது. இந்தப் பெட்டி கொடுக்கும் 240 வரிப் படத்தைப் பழைய குண்டு டிவி அப்படியே ஏற்கும். இன்றைய தட்டை டிவிகள் பல அதை வேறு வகைச் சமிக்ஞை என்று நினைத்து, மாற்றி, பெரிதாக்கிக் காட்டுகின்றன. படம் களிம்பு பூசியதுபோல ஆவது ஒரு பக்கம், பட்டனை அழுத்தியதற்கும் பல்லி குதிப்பதற்கும் நடுவே ஒரு தாமதம் நுழைந்துவிடுகிறது. முதல் பாகத்தில் சமாளிக்கலாம். இரண்டாவதில், ஏற்கெனவே முரண்டு பிடிக்கும் கேமராவோடு இதுவும் சேர்ந்தால் குழிதான். வீட்டில் குண்டு டிவி வேலை செய்யும் நிலையில் இருந்தால் ஒழிய இந்த வழி வேண்டாம். மெமரி கார்டு ஒன்றையும் தேட வேண்டும். என்னுடையதில் 15 பிளாக்கும் நிறைந்திருந்தது. கல்லூரிக் காலத்து கால்பந்து கேம் ஒன்றை அழிக்க மனம் வரவில்லை.

லண்டன்காரனுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். ஐரோப்பாவின் பிஏஎல் டிவி முறை நொடிக்கு 50 தடவை படத்தைப் புதுப்பிக்கும், அமெரிக்க முறை 60. ஆறில் ஒரு பங்கு குறைவு. சரியாக மாற்றியமைக்காத பல கேம்கள் ஐரோப்பாவில் மந்தமாகவே ஓடின. ஆனால் அவன் தேடும் குரல் அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது பாகத்தின் பிரிட்டிஷ் பதிப்புக்குக் குரல் கொடுத்தவர் லெஸ்லி பிலிப்ஸ். 'கேரி ஆன்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களில் இழுத்து இழுத்துப் பேசியே பெயர் வாங்கியவர், ஹாரி பாட்டர் படங்களில் பேசும் தொப்பியின் குரல், 2022இல் காலமானார். அவன் போனில் பேசிக் காட்டியது அச்சு அசலாக அவரைத்தான். மூன்றாவது பாகத்துக்கு 'ரெட் ட்வார்ஃப்' தொடரின் டேனி ஜான்-ஜூல்ஸ். பல்லியின் நக்கல் உள்ளூர்க்காரன் வாயில் வந்தால்தான் எடுபடும் என்று விற்பனையாளர்கள் புரிந்துவைத்திருந்தார்கள் என்பது இதில் எனக்குப் பிடித்தது. பிலிப்ஸ் குரல்தான் உங்கள் பால்யம் என்றால் பிஏஎல் டிஸ்க் நிச்சயமான வழி. வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அந்த வேகத்தில்தான் நீங்கள் ஆடியிருப்பீர்கள்.

நின்டெண்டோ 64 பதிப்பு கண்ணுக்கு அழகு. பிளேஸ்டேஷனில் சுவரும் தரையும் நடுங்கும், பக்கத்தில் போனால் ஓவியம் நெளியும். நின்டெண்டோ பெட்டியில் அந்த நடுக்கம் இல்லை, கோணல்கள் மழுங்கி வழவழப்பாக இருக்கும். கைக்கும் அனலாக் குச்சி வாகு. அப்புறம் என்ன என்றால், டிஸ்க்கில் 650 மெகாபைட் அளவுக்கு இடம் உண்டு, மிகப் பெரிய நின்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜே 64 மெகாபைட்தான். எதை வெட்டியிருப்பார்கள்? பல்லியின் பேச்சைத்தான். வீடியோக் காட்சிகளும் போயின. வசனத்தில் சிறு பகுதிதான் மிச்சம், அதனால் இருப்பதே இன்னும் வேகமாகத் திரும்ப வருகிறது. வாயாடிப் பல்லியைப் பாதி ஊமையாக்கிவிட்டு உடம்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டதுபோல. அந்தப் பெட்டியில்தான் நீங்கள் சிறு வயதில் ஆடினீர்கள் என்றால் சரி, மற்றவர்கள் தவிர்க்கலாம். கேம்பாய் கலர் பதிப்புகளும் உண்டு, வெறும் ஆர்வத்துக்கு.

எமுலேட்டர் என்றால் கணினியைப் பழைய பெட்டிபோல நடிக்க வைக்கும் டக்ஸ்டேஷன் போன்ற மென்பொருள். சொந்த டிஸ்க் இருப்பவர்களுக்கு இதுதான் மலிவு. அதில் இருக்கும் ஓர் அமைப்பு, பிளேஸ்டேஷன் தூக்கி எறிந்த துல்லியத்தை மறுபடி கணக்கிட்டு அந்தச் சுவர் நடுக்கத்தை நிறுத்திவிடுகிறது. முதலில் பிரமாதமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஏதோ குறைவதுபோலப் பட்டது. நடுக்கம் நின்றதும் உலகம் அட்டைப் பெட்டிபோலக் காலியாகத் தெரிகிறது. அந்த நடுக்கம்தான் இத்தனை நாள் ஏதோ நடக்கிறது என்று கண்ணை ஏமாற்றியிருக்கிறது. நான் அதை அணைத்துவிட்டேன். கணினியில் ஒரு மாலை முழுக்க அமைப்புகளையே நோண்டுவதில் சுகம் காண்பவர் என்றால் இந்த வழி உங்களுக்குத்தான். எங்கள் தம்பி அந்த ரகம் இல்லை, இரண்டு குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவு பத்தரைக்கு மேல்தான் கன்ட்ரோலரைத் தொடுகிறான்.

அவனுக்கு 2025 தொகுப்புதான் என்று முடிவாகச் சொன்னேன். இது புதிதாகச் செய்த கேம் இல்லை, அந்தப் பழைய கேம்களேதான். கேமராவை யாரும் திருத்தவில்லை, லெவல்களை யாரும் தொடவில்லை. மேலே சில வசதிகள் மட்டும் போட்டிருக்கிறார்கள்: எங்கே வேண்டுமானாலும் சேவ், சில நொடிகள் பின்னோக்கி ஓட்டும் வசதி, முப்பரிமாணப் பாகங்களுக்கு அகலத்திரை. டானா கூல்டின் பேட்டி ஒன்றும் உள்ளே இருக்கிறது. சுத்தம் பார்ப்பவர்கள் பின்னோக்கி ஓட்டுவதை ஏமாற்று வேலை என்பார்கள். மற்றக் கேம்களில் நானும் அப்படிச் சொல்வேன்.

இந்தப் பல்லிக்கு மட்டும் அது மருந்து. மேலே சொன்ன வியாதியை நினைத்துப் பாருங்கள். குழியில் விழுந்து லெவலின் முதல் கால்பகுதியை மறுபடி நடக்கும்போதுதான் அதே வசனம் ஒன்பதாவது தடவை வருகிறது. விழுந்த இடத்திலிருந்து மூன்று நொடி பின்னால் போனால் அந்த நடையே இல்லை. வசனங்கள் எழுதியவர்கள் நினைத்த அளவில், ஒன்றிரண்டு தடவை மட்டும் காதில் விழுகின்றன. 1998இல் இந்தக் கேம் எனக்குக் கொடுக்காத விகிதத்தில் சிரிப்பு வந்தது. கேமராவால் சாகிற எரிச்சலும் பாதி குறைந்தது.

ஆடும் வரிசைக்கும் என் கணக்கு ஒன்று இருக்கிறது. தொகுப்பை வாங்கியதும் முதல் பாகத்தில் ஆரம்பிக்காதீர்கள், அது காத்திருக்கும், பரவாயில்லை. ஏக்கம் ஆறிப்போவதற்குள் இரண்டாவதில் முயல் வேஷத்தைப் போட்டுவிட்டு, நான்கைந்து சேனல் பார்த்துவிட்டு, அலுக்கிற நாளில் நிறுத்துங்கள். நூறு சதவீதம் முடிக்க வேண்டும் என்று சபதம் எல்லாம் வேண்டாம், வெள்ளி ரிமோட்டுக்காக ஒவ்வொரு மூலையையும் துழாவினால் பல்லியை வெறுத்துவிடுவீர்கள். அப்புறம் நிதானமாக முதல் பாகம். அது மட்டும் பின்னோக்கி ஓட்டாமல் ஆடத் தகுந்தது.

தம்பி வாங்கிவிட்டான். முதல் ராத்திரியே செய்தி அனுப்பினான்: "அண்ணா, கேம் அதேதான். ஆனால் இந்த அமெரிக்கன் யார்? என் பல்லி எங்கே?" இப்போது பழைய பொருள் விற்கும் கடைகளில் பிஏஎல் டிஸ்க் தேடிக்கொண்டிருக்கிறான். ஓட்டுவதற்குப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். பரணில் கவிழ்த்து வைத்திருக்கும் என்னுடையதை அனுப்ப முடியுமா என்று கேட்கிறான்.